ஒரு பல் வித்தியாசம்

பிக்கப் வண்டியைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிப் பெரிய டயர் போட்ட பிறகு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் லட்சணம் ஓட்டுகிறவளுக்குத்தான் தெரியும். மேட்டைக் கண்டால் வண்டி முனகியது. ஐந்தாவது கியர் போட்டால் உடனே நாலாவது கேட்டது. நாலாவதில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூன்றாவது கேட்டது. போன வாரம் மலைப்பாதையின் முதல் ஏற்றத்தில், விறகு ஏற்றிய ஒரு கிழட்டு லாரி ஹாரன்கூட அடிக்காமல் அவளை முந்திக்கொண்டு போயிற்று. முந்தியதைப் பொறுத்துக்கொண்டாள். அந்த டிரைவர் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவளை எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவர் தேனீ வளர்க்கிறவர். மொத்தம் நூற்றிருபது பெட்டி. பூ எங்கேயோ பெட்டியும் அங்கே போயாக வேண்டும். வருஷத்தில் நாலைந்து முறை, நாற்பது நாற்பதாக மலைக்கு ஏற்றி இறக்குவார்கள். தேனீக்காரருக்குத் தேனீயிடம் இருக்கிற பொறுமை வண்டியிடம் கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருஷமே சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் தேன் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் போய், கடை கடையாகப் போட்டுவிட்டு வருவதும் அவள்தான்.

ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வண்டியைப் பழையதாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. தார் ரோட்டில் சொன்னபடி கேட்கும். மலையில் சேறு வந்து, நாலு சக்கரமும் இழுக்கட்டும் என்று ஃபோர் வீல் லிவரைத் தள்ளினால் போதும், அடிவயிற்றிலிருந்து உறுமும், இழுத்துப் பிடிக்கும், பிறகு திடீரென்று ஒரு குதி குதிக்கும். பின்னால் பெட்டிக்குள் தேனடை முறிந்து விழும். மேலே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொல்வார்:

“கிளட்ச்ச பதமா விடுன்னு எத்தன தடவ சொல்றது?”

கோபமாகச் சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் சுருக்கென்று தைக்கும். மற்ற தேனீக்காரர்கள் கூடுகிற இடத்தில் இதையே வேடிக்கையாக்கிவிடுவார். “எங்க வீட்டு டிரைவர் ஓட்டினா தேனப் பிழியவே வேண்டாம், வழியிலேயே பிழிஞ்சு வந்துடும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பிறகு ஒரு மாதம் முழுக்க, அவர் காலையில் பெட்டிகளைப் பார்க்கப் போன நேரத்தில், காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், பின்னால் வெறும் பாட்டில்களை வரிசையாக நிற்க வைத்து, எடுக்கவும் நிறுத்தவும் பழகினாள். சமதரையில் ஒரு பாட்டில்கூட விழவில்லை. மலையில் வண்டி குதிப்பதும் நிற்கவில்லை. தனக்கு மலை கை வரவில்லை என்று கடைசியில் அவளே நம்பிவிட்டாள்.

தூக்கிக் கட்டியது அவள் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான். மலைப்பாதையின் நடுமேடு வண்டியின் வயிற்றில் இடிக்கிறது என்று அத்தானும் மச்சானும் பேசி முடித்துவிட்டு அவளிடம் வந்து சொன்னார்கள். இடிப்பது நின்றது. இழுப்பதும் நின்றது.

“டயர் பெருசாச்சுன்னா அதச் சுத்த இன்ஜினுக்கு ஜாஸ்தி தெம்பு வேணும் அத்தான்,” என்றான் தம்பி, சாப்பாட்டு மேஜையில் கையைத் துடைத்துக்கொண்டே. “ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சிலுக்குள்ள இருக்கிற கியரையும் மாத்திடணும். இப்ப இருக்கிறது 3.73. அதாவது, இன்ஜின்லேர்ந்து வர்ற தண்டு மூணே முக்கால் சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. நம்பர் ஏற ஏற இழுவை ஏறும்.”

“இருக்கிறதுலயே பெரிய நம்பர் எது?” என்றார் தேனீக்காரர்.

“4.88 கிடைக்கும்.”

“அதையே போட்டுடுவோம்.”

“போட்டுட்டு நெடுஞ்சாலைல நீங்க போறீங்களா?” என்றாள் அவள். “வாரா வாரம் ஆறு மணி நேரம் இன்ஜின் கத்துறத நான்ல கேக்கணும்.”

அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டில் தசமப் புள்ளிச் சண்டை நடந்தது. அவர் 4.88 என்பார், அவள் 4.10 என்பாள். குழம்பில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால், “எவ்வளவு கம்மி, பாயிண்ட் எட்டா?” என்று கேட்பாள். தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கடைசியில் கழன்றுகொண்டான். “என்னால முடியாது. பல் டாக்டர்கிட்ட போங்க” என்றான்.

பல் டாக்டர் என்பது ஒரு மெக்கானிக். பற்சக்கரத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்பதால் வந்த பெயர். நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் சாக்பீஸ். பட்டறையில் சத்தம் குறைவு. கழுவித் துடைத்த கியர்கள் துணி விரித்த பலகையில் அடுக்கியிருந்தன. இருவரும் உள்ளே நுழைந்ததும் தேனீக்காரர், “4.88 போடணும்” என்றார்.

“உக்காருங்க சார்,” என்றார் பல் டாக்டர். உட்கார ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதில் தேனீக்காரர் உட்கார்ந்தார்.

பல் டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரில் முப்பத்தைந்து அங்குலம் என்று அச்சடித்திருந்தது. அவர் அதை நம்பவில்லை. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டச் சொல்லி, டேப் வைத்து அளந்தார்.

“முப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தாலும் பாரத்துல நிக்கிறப்ப முப்பத்திநாலுதான். பழைய டயரு?”

“முப்பத்தொண்ணு,” என்றாள் அவள்.

“மலைல எவ்வளவு பாரம்?”

“நாப்பது பெட்டி. பூவுக்குப் போறப்ப ஒரு டன்னுக்குள்ள. தேனோட இறங்கறப்ப ஒண்ணரை.”

“எந்த கியர்ல ஏறுறீங்க?”

“ரெண்டாவது வளைவு வரைக்கும் செகண்ட். அதுக்கப்புறம் செகண்ட்ல மூச்சு வாங்கும், ஃபர்ஸ்ட்ல கத்தும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்னு தோணும். டயர் மாத்தறதுக்கு முன்னாடியும் இப்படித்தான், இப்ப இன்னும் மோசம்.”

“நெடுஞ்சாலைல என்ன வேகம்?”

“எண்பது. அதுக்கு மேல போனா பாட்டில் பேச ஆரம்பிச்சுடும்.”

பல் டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். தேனீக்காரர் ஸ்டூலில் நெளிந்தார். கேட்டதெல்லாம் ஓட்டுகிறவளுக்கு மட்டுமே தெரிந்தவை.

பல் டாக்டர் தரையிலேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். முப்பத்திநாலை முப்பத்தொன்றால் வகுத்து, 3.73-ஆல் பெருக்கினார். 4.09 வந்தது.

“4.10 போட்டா உங்க பழைய வண்டி திரும்பக் கிடைக்கும் அக்கா. அவ்வளவுதான். பழைய வண்டியே மேட்டுல திணறிச்சுன்னு நீங்களே சொல்றீங்க. 4.88 மலைய விட்டு இறங்காதவங்களுக்கு. நடுவுல 4.56 இருக்கு.”

“4.56 போட்டா எண்பதுல இன்ஜின் எவ்வளவு சுத்தும்?”

அவர் இன்னொரு வரி எழுதினார். “பெரிய டயருக்கு முன்னாடி சுத்தினதவிட இருநூத்திச் சொச்சம் ஜாஸ்தி.”

இருநூறு சுற்று என்றால் எவ்வளவு சத்தம் என்று அவள் காதுக்குத் தெரியும். எதிர்க்காற்றில் போகும்போது வருகிற சத்தம், அவ்வளவுதான். “அது தாங்கும்,” என்றாள். “முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் 4.56 போட்டுடுங்க.”

“டாக்டர் சொன்னா சரிதான்,” என்றார் தேனீக்காரர்.

“நான் எங்க சொன்னேன்? அக்கா சொன்னாங்க,” என்றார் பல் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து போன் வந்தது. இரண்டு பேரும் நேரில் வந்தால் நல்லது என்றார் பல் டாக்டர். என்ன உடைந்ததோ என்று பயந்துகொண்டு போனார்கள்.

வண்டி ஸ்டாண்டுகள் மேல் நின்றது. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் திறந்து கிடந்தன. பலகையில் பழைய கியர்கள் இரண்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பெரிய சக்கரம், அதோடு பிணையும் சின்னப் பினியன்.

“எண்ணிப் பாருங்க,” என்று ஒரு சாக்பீஸை அவளிடம் நீட்டினார் பல் டாக்டர்.

அவள் ஒரு பல்லில் வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டு எண்ணினாள். பின் ஆக்சிலின் பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று, பினியனில் பதினொன்று. முன் ஆக்சில். பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று. பினியனில் பத்து. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். பத்துதான்.

“ஒரு பல் குறையுதே.”

“ஆமா. பின்னாடி 3.73, முன்னாடி 4.10. உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க எங்கயோ முட்டிட்டு, வேற வண்டியோட முன் ஆக்சில எடுத்து மாட்டியிருக்காங்க. ரெண்டு சக்கரத்துல ஓடுறப்ப தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் முன்னாடி ஒரு வேகம் கேக்கும், பின்னாடி ஒரு வேகம் கேக்கும். ஒரே வண்டிக்குள்ள இழுபறி. முறுக்கிக்கிட்டே போய், டயர் எங்கயாவது வழுக்கினாத்தான் விடுபடும். அப்பதான் குதிக்கும்.” அவர் துணியில் கையைத் துடைத்தார். “இத ரெண்டு வருஷமா மலைல ஓட்டினது யாரு?”

“நான்தான்.”

“எதையும் உடைக்காம வச்சிருந்திருக்கீங்க. வேற யாராவதா இருந்தா மூணாவது மாசமே கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருப்பாங்க. அப்படி ஒரு கால் பதம் உங்களுக்கு.”

அவள் அந்தப் பினியனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றாள். கை முழுக்க எண்ணெய். தேனீக்காரர் முன் ஆக்சிலைப் பார்த்தார், பின் ஆக்சிலைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வெளியே போனார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தாள். அப்படியில்லை. பட்டறை வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டார்.

“நான்தான். ஒரு விஷயம். வண்டி குதிச்சதுக்கு எங்க வீட்டுக்காரி காரணம் இல்ல. கியர் மாறிப் போயிருந்திருக்கு. ஆமா, வண்டியிலதான் கோளாறு... இல்ல, நான்தான் தெரியாம பேசிட்டுத் திரிஞ்சேன்.” அதை வைத்துவிட்டு அடுத்த போன். அதே வார்த்தைகள். மூன்றாவது ஆளுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, பினியனுக்கு எத்தனை பல் என்பதிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். தன் தேன் பிழியும் நகைச்சுவைக்கு யார் யார் சிரித்தார்களோ, அத்தனை பேருக்கும் வரிசையாகச் சொன்னார்.

ஆறாவது போன் முடிந்ததும் உள்ளே வந்தார். அவளிடம் நேராக, “தப்பு என்மேல,” என்றார்.

“ரெண்டு வருஷம்,” என்றாள் அவள்.

“ஆமா. ரெண்டு வருஷம்.”

“மைதானத்துல பாட்டில் நிக்க வச்சுப் பழகினேன், தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இதற்குமேல் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். முழுதாக விட்டுவிடவில்லை, அன்று ராத்திரிச் சமையலை அவர் தலையில் கட்டினாள். உப்பு சரியாகவே இருந்தது.

நாலாம் நாள் வண்டி கிடைத்தது. புதுக் கியர் பதமாகும் வரைக்கும் பாரம் ஏற்றக் கூடாது, இருபது நிமிஷம் ஓட்டினால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வேலை எதுவும் இல்லாமல் இருவரும் வெறும் வண்டியில் ஊர் சுற்றினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்த வேலைக்கும் இல்லாமல் அந்த இரண்டு பேரும் ஒன்றாக வண்டியில் போனது அதுதான் முதல் தடவை. இருபது நிமிஷம் போவார்கள், நிழலாகப் பார்த்து ஓரங்கட்டுவார்கள். அவர் குனிந்து ஆக்சிலைத் தொட்டுப் பார்த்து, “சுடுது” என்பார். ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடிப்பார்கள். அரை மணி கழித்து மறுபடி தொட்டு, “போகலாம்” என்பார். மூன்றாவது நிறுத்தத்தில் ஆக்சில் ஆறிப்போன பிறகும் அவர் “இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு” என்றார். அவளும் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பொழுது புலர்கிற நேரத்தில் நாற்பது பெட்டிகளோடு மலை ஏறினார்கள். முந்தின நாள் மழை. இரண்டாவது வளைவுக்குக் கீழே பாதை கஞ்சியாகக் கிடந்தது. அவள் லிவரைத் தள்ளினாள், உடம்பு பழக்கத்தில் இறுகியது. வண்டி உறுமவில்லை. நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வின. செகண்ட் கியரிலேயே, வளைவுக்கு அப்புறமும் மூச்சு வாங்காமல், யாரோ கயிறு கட்டி மேலே இழுப்பதுபோல் சீராக ஏறியது. தேனீக்காரர் பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்ப்பதும் முன்னால் அவளைப் பார்ப்பதுமாக வந்தார்.

மேலே சரிவு முழுக்கப் பூத்திருந்தது. பெட்டிகளை இறக்கி அடுக்கி, அவர் வாயில்களைத் திறந்தார். தேனீக்கள் தயங்கித் தயங்கி வெளியே வந்து, இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் பார்த்துக்கொண்டு பூவைத் தேடிப் போயின. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு அடைகூட முறியவில்லை.

பக்கத்துச் சரிவில் பெட்டி வைத்திருக்கும் தாடிக்காரர் நடந்து வந்தார். அன்றைக்குப் போன் போன ஆறு பேரில் அவரும் ஒருவர். தேனீக்காரரைத் தாண்டி நேராக அவளிடம் வந்தார்.

“அக்கா, எங்க பெட்டி முப்பது கீழ நிக்குது. எங்க வண்டி இந்தச் சேத்துல ஏறாது. நீங்க கொண்டு வந்து தர்றீங்களா?”

அதை அவளே முடிவு செய்யட்டும் என்று தேனீக்காரர் அடுத்த பெட்டியின் பக்கம் போனார்.

“வியாழக்கிழமை வர்றேன்,” என்றாள் அவள். “பெட்டி எல்லாத்தையும் முந்தின நாள் சாயங்காலமே மூடி ரெடியா வச்சிடுங்க. நான் அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன், காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்.”

“சரிக்கா,” என்று தலையாட்டிவிட்டுப் போனார் தாடிக்காரர்.

அவள் டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்து, காலை நீட்டிக்கொண்டாள். வெயில் இன்னும் ஏறவில்லை. சரிவிலிருந்து வந்த காற்றில் பூ வாசமும் ஈரமண் வாசமும் கலந்திருந்தன.