கேரவன் கூரைக்கு வெள்ளையடித்தவர்கள்

கேரவன் வாங்கிய மூன்றாவது கோடையில், எலக்ட்ரீஷியனின் முதுகில் விரித்த ஈரத்துணி ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் காய்ந்தது. மகளுடைய பள்ளிச் சீருடையை அவன் மனைவி அப்படித்தான் காயவைத்தாள். சட்டைக்குத் தோள் வசதி, பாவாடைக்கு முதுகு வசதி. இஸ்திரி போட்டதுபோல மடிப்பும் கலையாமல் நின்றது. முதல் சில நாட்கள் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும் ஒருநாள் ஒரு மூட்டைத் துணியோடு வந்து, "அண்ணன் சும்மாதானே உக்காந்திருக்காரு, இதையும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். மனைவி சிரித்தபடியே மறுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த மனைவியைத் தெருவில் ஐஸ்காரி என்றுதான் சொல்வார்கள். ஐஸ் ஃபேக்டரியில் வெட்டிய பாளங்களைக் கொடுக்கும் கவுன்டரில் அவளுக்கு வேலை. ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலையில்லை. மகளுக்குப் பிறவியிலேயே வேர்க்காது. மற்ற குழந்தைகள் ஓடி விளையாடி வேர்த்து விறுவிறுத்து வந்தால், இவள் அடுப்பில் வைத்த கல்லாகக் கொதித்துக்கொண்டு வருவாள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "குளிர்ச்சியா வச்சுக்குங்க. ஜுரம் தலைக்கு ஏறிட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." அன்றிலிருந்து உடைந்த ஐஸ் துண்டுகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவதே ஐஸ்காரிக்குப் பிழைப்பாயிற்று. ஒவ்வொரு கோடையும் அந்தப் பிள்ளையை அவர்களிடமிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்தது.

பஸ் டிப்போ எலக்ட்ரீஷியனுக்குக் கேரவன் யோசனை வந்தது இதனால்தான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தால், வெயில் ஆரம்பித்ததும் மலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிடலாம், மழை வந்ததும் இறங்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. விற்றவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் தன் வீட்டு முற்றத்தில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் உட்கார்ந்த அச்சோடு உருகிக் குழிந்திருந்தது. கை குலுக்கப் போனவனை அவர் எட்டவே நிறுத்திவிட்டார். "ஒவ்வொரு கோடைக்கு முன்னாலயும் கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கணும், தம்பி. யாரு அடிக்கிறாங்களோ, வண்டி மேல விழுற சூடு மொத்தமும் அவங்க உடம்புல இறங்கும். மழை வர்ற வரைக்கும் அப்படித்தான். ஒளிக்காம சொல்லிட்டேன்" என்றார். விற்பவர்கள் இருக்கிற குறையை மறைப்பார்கள், இவர் இல்லாத குறையைச் சொல்கிறாரே என்று வரும் வழியெல்லாம் புருஷனும் மனைவியும் சிரித்தார்கள். சுவர்மேல் அவர் வைத்துவிட்டுப் போன சாவியை, துணி சுற்றித்தான் எடுக்க முடிந்தது.

வண்டி மலை ஏறவில்லை. முதல் வளைவிலேயே பெருமூச்சு விட்டு நின்றது. பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, வெயில் ஊரில் கேரவன் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற சமாச்சாரம் என்று. வெயில் பட்டால் டயர் வெடிப்பு விடும், அதற்குச் சாக்குப் போர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகும், அதற்கு முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். ஜன்னல் ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜ் கோபித்துக்கொள்ளும். பேட்டரித் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வற்றும். மரத்தடியில் நிறுத்தினால் சருகு விழுந்து ஊறிக் கூரை இணைப்புகளின் பசை விட்டுப்போகும், வெட்டவெளியில் நிறுத்தினால் கூரை கொதிக்கும். ஏசிக்குள் குளவி கூடு கட்டி அதன் கதையை முடித்திருந்தது. எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். ஏசி மட்டும் அவன் கைக்கு மசியவில்லை. கூரைக்கு வெள்ளையடித்ததும் அந்த வேலைகளில் ஒன்றுதான். முதல் பூச்சு நீளவாக்கில், மறுநாள் இரண்டாவது பூச்சு குறுக்குவாக்கில்.

அந்தக் கோடை முழுக்க, ஏசி ஓடாத கேரவனுக்குள் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தின் குளுமை இருந்தது. வெளியே தார் இளகி, செருப்புகள் சாலையில் ஒட்டிக்கொண்டன. உள்ளே மகள் படித்தாள், ஆடினாள், கட்டிலில் ஏறிக் குதித்தாள். உச்சிவெயில் நேரத்தில் தன் பிள்ளை சிரிக்கிற சத்தத்தை ஐஸ்காரி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். புருஷனின் உடம்பு வெதுவெதுப்பாக இருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடியது, கூரையிலிருந்து இறங்கும் சூடும் கூடியது. அடுத்த கோடையில் அவன் தொட்டால் வயரின் உறை இளகியது, டேப்பின் பசை வழிந்தது. ஒருநாள் கேரவன் நின்ற மனைக்கு மேலே மட்டும் ஒரு மேகம் வந்து நின்றபோது, ஊரின் மறுகோடியில் டிப்போவில் இருந்த அவன் உடம்பு சட்டென்று குளிர்ந்தது. மேகம் விலகியதும் மறுபடி ஏறியது. கப்பல் சமையல்காரர் பொய் சொல்லவில்லை என்று அன்று இருவருக்கும் புரிந்தது. டிப்போ மேலாளர் நல்ல மனிதர். மழை வந்ததும் வேலைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தெரிந்தே மறுபடி கூரைக்கு அடித்த மூன்றாவது கோடையில் அவனைத் தொடவே முடியவில்லை. வாசலில் இரும்புக் கட்டில் போட்டு அதில் தனியாகக் கிடந்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பேசினால் வாயிலிருந்து அனல் வந்தது. ஐஸ்காரி தன் பாயை எட்ட விரித்துக்கொண்டு அவனையே பார்த்தபடி படுத்திருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் புருஷனின் கை தனக்கு இவ்வளவு தேவைப்படும் என்று அவள் நினைத்ததில்லை. "விட்டுடலாங்க, வேற வழி பாக்கலாம்" என்பாள். "வெந்து கிடக்கிறது நான்தானே, அவ இல்லையே" என்பான் அவன். டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, இன்னொரு கோடையை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

நான்காவது வருஷம் கூரைக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஈரப் போர்வை, மின்விசிறி, மூட்டை மூட்டையாக ஐஸ் என்று எல்லா ஏற்பாடும் நடந்தது. கோடை சரியாகத் தலையெடுப்பதற்கு முன்பே, ஒரு மத்தியானம் மகள் கண் செருகி, வலிப்பு வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை ஐஸ் தொட்டியில் கிடத்தி மீட்டார்கள். எலக்ட்ரீஷியன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போனதும் அடிச்சிடுறேன்" என்று மட்டும் சொன்னான். மாற்றுத்துணி எடுத்துவரக் கிளம்பிய ஐஸ்காரி, தெருமுனையில் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். ஒல்லியான ஆள், காதில் பென்சில், வாயில் ஓயாத பாட்டு. யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாத அப்பாவி என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்படிப்பட்டவன் என்பதனால்தான் அவள் அவனைக் கூப்பிட்டாள்.

காதும் காதும் வைத்தாற்போல அன்றும் மறுநாளுமாக வேலை முடிந்தது. அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. "வெயில்ல நிக்கிறது நான், உங்களுக்கு ஏன்க்கா இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று கூரைமேலிருந்து அவன் சிரித்தான். மகளோடு வீடு திரும்பிய எலக்ட்ரீஷியன் வண்டிக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "யாரு அடிச்சது?" என்றான். "ஒரு பெயின்டர்" என்றாள். அடுத்த கேள்வி கேட்க வாயைத் திறந்தான், கேட்காமலே மூடிக்கொண்டான். பிறகு அவள் கையைப் பிடித்தான். சாதாரண மனிதக் கை, லேசாக வேர்த்திருந்தது. அந்தக் கோடையில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை மறைத்து எழுத வழியில்லை.

வெயில் ஏறியபிறகு பெயின்டர் ஐஸ் ஃபேக்டரிக்கு வர ஆரம்பித்தான். வரிசையில் நின்றவர்கள் அவன் வந்தால் ஒதுங்கினார்கள். வெந்து சிவந்த கைகளை அவன் நீட்ட, அவள் பாளத்தைக் கவுன்டர் மேல் தள்ளுவாள். அவன் தொட்டதும் அது சீறிக்கொண்டு கரையும். பாதி தண்ணீராகத் தரையில் ஓட, மீதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பான். என்ன வியாதி என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை என்றான். பெயின்ட் டப்பா கையிலேயே கட்டியாகிவிடுவதால் வேலை போயிற்று, வாடகை அறையில் மெத்தை கருகியதால் அறையும் போயிற்று என்றான். "ஆனா நீங்க ஒருத்தர்தான்க்கா மூஞ்சி சுளிக்காம குடுக்கிறீங்க. நல்லா இருப்பீங்க" என்றான். ஐஸ்காரி எல்லோருக்கும் தருவதைவிடப் பெரிய பாளமாகப் பார்த்து அவனுக்குத் தள்ளினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்யக்கூடிய ஒன்றை, கூரை வெள்ளையைச் சுரண்டி எடுப்பதை, செய்யவும் அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனால் மகள் தலையைச் சாய்த்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பாள், புருஷன் தோளில் கை போடுவான். அவள் சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டுப் படுப்பாள். அக்கினி வெயில் உச்சத்துக்கு வந்தபோது பெயின்டர் வருவது நின்றது. வாய்க்காலில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவன் நிற்கிறான், சுற்றிலும் மீன் செத்து மிதக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றது. அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. மழை வந்தது.

மறு வருஷம் கோடைக்கு முன்பு, எலக்ட்ரீஷியன் பெயின்ட் வாங்கி வைத்துவிட்டு டிப்போவுக்குப் போன ஒரு காலையில், காலி மனையின் குட்டைச் சுவரில் பெயின்டர் உட்கார்ந்திருந்தான். கருகிப்போன புருவம் இன்னும் முளைக்கவில்லை. பாட்டு இல்லை. பிரஷ்ஷும் கொண்டுவரவில்லை. ஐஸ்காரிக்கு, உயிரோடு இருக்கிறானே என்று வந்த நிம்மதியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது.

"எப்ப வந்தே?" என்றாள்.

"அப்பவேக்கா."

"உள்ள வா. உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்குத் தெரியும்க்கா. உங்க வண்டி மேல நெழல் விழும்போதெல்லாம் எனக்குக் குளுந்துச்சு. பாதிக் கோடையிலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட ஐஸ் வாங்கினே?"

"வேற யாரு குடுத்தாங்க?"

அவள் அவன் காலில் விழப்போனாள். அவன் கால்களைச் சுவர்மேல் தூக்கிவைத்துக்கொண்டான். "அதெல்லாம் வேணாம்க்கா. சண்டை போடவும் வரல. இந்த வருஷம் யாரு ஏறுறாங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தான். பழைய வெள்ளை திட்டுத்திட்டாக உரிந்து, தகரம் தெரிந்தது. தையல்காரி தன் ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

அவன் போகமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. தான் ஏறாவிட்டால் சாயங்காலம் புருஷன் ஏறுவான் என்பதும் தெரியும். அவன் ஏறினால் அதுவே கடைசி. இன்னொரு ஆளைக் கூப்பிட்டால், சுவரில் இருப்பவன் அதையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவள் புடவையை வரிந்து செருகிக்கொண்டு, பெயின்ட் வாளியை எடுத்து, ஏணியைக் கூரையில் சாத்தினாள். ஏணி ஆடியது. பெயின்டர் சுவரிலிருந்து இறங்கி வந்து அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். மேலே ஏறியதும் காற்றுத் திறப்பு வழியாக உள்ளே மகள் வாயைத் திறந்து தூங்குவது தெரிந்தது. முதல் பூச்சை நீளவாக்கில் இழுத்தபோது, கால் கட்டைவிரலிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கெண்டைக்கால் வரை வந்து உட்கார்ந்துகொண்டது. முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. இறங்கி வந்தபோது, "ரெண்டாவது பூச்சு நாளைக்குத்தான்க்கா. இன்னைக்கே அடிச்சா உரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மறுநாளும் வந்து ஏணியைப் பிடித்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை.

எலக்ட்ரீஷியன் கத்தினான், தலையில் அடித்துக்கொண்டான், பிறகு அவளுக்காக வாசலில் நிழல் பார்த்துக் கட்டிலை மாற்றிப் போட்டான். ஐஸ் ஃபேக்டரியில் அவள் தொட்ட பாளம் நிற்காததால் கணக்கைத் தீர்த்து அனுப்பினார்கள். அந்த வருஷத்துக் கோடை போன வருஷத்தை விடக் கடுமை. பறவைகள் பறந்தபடியே விழுந்தன. கேரவன் வாங்கிய நாளிலிருந்து உள்ளே அவ்வளவு குளிர்ந்ததில்லை. ஒரு மத்தியானம், எதிர்வீட்டுக் கதவின் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருந்த நேரத்தில், மகள் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, குளுருது. போர்வை எடுத்துக் குடேன்."

ஐஸ்காரி போர்வையை இடுக்கியால் எடுத்துக்கொண்டு வண்டியின் வாசல்வரை போனாள். படியில் கால் வைக்கவில்லை. துணியின் ஓரம் புகைய ஆரம்பிப்பதற்குள், வெளியில் நின்றபடியே கட்டிலுக்கு வீசினாள். மகள் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.