கச்சானால் வந்த முட்டு

கமலாசனி என்று ஆசையாகப் பெயர் வைத்த தகப்பனுக்கு இது பிடிக்காதுதான். ஆனாலும் முத்தையன்கட்டு முதல் மாங்குளம் வரை அவளைப் 'பறக்கிற மிஸ்' என்றுதான் சனங்களுக்குத் தெரியும். கடும் வருத்தக்காரப் பிள்ளைகளை வானில் ஏற்றிப் போய் வவுனியா ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நர்ஸ் அவள். வானில் போகிறவளைப் பறக்கிறவள் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது என்று சாரதி சிற்றம்பலம் கேட்டு, தானே சிரித்தும் கொள்வார். அந்த வான் வண்டியைப் பார்த்தவர்களுக்குத்தான் பகிடி முழுதாக விளங்கும். யுத்தகாலம், டீசலுக்குத் தடை. மண்ணெண்ணெயைக் குடித்துக் கரும்புகை கக்கி, இருமி இருமி ஓடும். ஒருமுறை நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளாமல் மறுபடி உயிர் வராது.

கமலாசனிக்கு வேகம் என்றால் கொண்டாட்டம். ஒரு பிள்ளைக்குக் கடுமை என்று ஆள் ஓடிவந்தால் அவளுக்குள் ஒரு துள்ளல் கிளம்பும். பிள்ளை துடித்துக்கொண்டு கிடக்க இதென்ன சந்தோஷம் என்று வெட்கமாகவும் இருக்கும். அதற்காகத் துள்ளல் நின்றுவிடுமா? நாலு வருடத்தில் நூற்றுப் பதினேழு பிள்ளைகள். வழியில் ஒன்றைக்கூட அவள் பறிகொடுத்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆடி மாதம். கச்சான் காற்று பேய்க்காற்றாக வீசிக்கொண்டிருந்தது. மேற்கே இருந்து அனலையும் செம்மண்ணையும் வாரிக்கொண்டு வருகிற காற்று. அது தொடங்கினால் வன்னியில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமலும் முட்டு என்கிற இரைப்பும்தான். நெஞ்சு பூனை மாதிரி இரையும். இரண்டு நாளைக்கு முன்னர் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் மருந்து கொடுத்தபோதும் முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று இருமின. அந்த வரிசையில்தான் செவனம்மாவும் மகன் சுமனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பிள்ளைக்கு இரண்டரை வயது.

"எப்ப தொடங்கினது முட்டு?" என்று நிமிராமலே கேட்டாள் கமலாசனி.

"கச்சானாலைதான் மிஸ்" என்றாள் செவனம்மா, சத்தம் வெளியே வராமல்.

கமலாசனி துண்டில் எழுதினாள்: 'கச்சானால் வந்த முட்டு.' முட்டுப் பாணி ஒரு போத்தல் கொடுத்து, காதைக் கட்டிவிடுங்கோ, வெளியில் விடாதேயுங்கோ என்று சொல்லி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு, அதே சுமனைத் தோளில் போட்டுக்கொண்டு செவனம்மா வீதிக்கு ஓடிவந்தாள். கண்கள் செருகியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே இழுபட்டது. பாணி ஒரு சொட்டும் பலிக்கவில்லை.

"ஏறுங்கோ, ஏறுங்கோ! அண்ணை, மூண்டு மணிக்குத் தாண்டிக்குளத்திலை ஆமிக்காரர் பாதையை மூடிப்போடுவாங்கள். அதுக்குள்ளை போகவேணும்!"

"அப்ப இண்டைக்குப் பறப்புத்தான்" என்றார் சிற்றம்பலம்.

வான் புறப்பட்ட வேகத்தில் ஒட்டுசுட்டான் சந்தியில் நின்ற சைக்கிள்காரர்கள் மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். கமலாசனி முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பள்ளங்களைக் கண்டு கண்டு கத்தினாள்: "இடது! இடது! நேரை!" அவள் முகத்தில் அந்தப் பழைய துள்ளல். மாங்குளம் தாண்டிக் கண்டி வீதியில் ஏறும்போது நேரம் பன்னிரண்டு. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. முட்டுக்கு ஊசியும் போட்டாயிற்று. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் நெஞ்சு இளகும். சுமனுக்கு இளகவில்லை. கமலாசனி சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். எதுவோ சரியில்லை. இடப்பக்கம் ஏறி இறங்குகிறது. வலப்பக்கம் சும்மா கிடக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வானின் இரைச்சல்தான் காதுக்குள் கொட்டியது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? நிப்பாட்டினால் திருப்பித் தொடங்காது! இந்தக் காட்டுக்குள்ளை ஆர் தள்ளுறது?"

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ எண்டுறன்! எனக்கு நெஞ்சைக் கேக்கவேணும்!"

சிற்றம்பலம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நிறுத்தினார். வான் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இடப்பக்கம் பூனை இரைந்தது. வலப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி வைத்தாள். ஒன்றுமே இல்லை. காற்றால் வந்த முட்டு என்றால் இரண்டு பக்கமும் இரையவேண்டும். பாதி நெஞ்சை மட்டும் அடைக்கிற காற்று உலகத்தில் எங்கே இருக்கிறது?

"செவனம்மா, இது எப்பிடித் தொடங்கினது? முதலிலையிருந்து சொல்லுங்கோ."

"அன்னைக்கே சொன்னேனே மிஸ். கச்சானாலை."

"காத்து எத்தினை நாளாப் பட்டது?"

செவனம்மா விழித்தாள். "காத்தா? காத்து எங்க மிஸ் வந்துச்சு? கச்சான். எங்க தோட்டத்துக் கச்சான். இவங்கப்பா புடுங்கிட்டு வந்தாரு, வறுத்தேன். இவன் வாயில போட்டுக்கிட்டே ஓடுனான், விழுந்தான், பொறைக்கேறிருச்சு. அதுலருந்து தான் மிஸ் இந்த இரைப்பு."

கமலாசனிக்கு இப்போதுதான் விளங்கியது. வீசுகிற கச்சான் அல்ல. மண்ணுக்குள் விளைந்து, வறுத்துக் கடதாசிச் சரையில் சுற்றி விற்கிற கச்சான். கோயில் திருவிழாவென்றால் தானே இரண்டு சரை வாங்கிக் கொறிக்கிற கச்சான்! சொல் ஒன்றுதான். வரிசையில் முப்பது பிள்ளைகள் காற்றுக்கு இருமிக்கொண்டு நின்றதால் முப்பத்தோராவதையும் அவள் காற்றிலேயே சேர்த்துவிட்டாள். நிமிர்ந்து இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஒரு பருப்பு இரண்டு நாளாகப் பிள்ளையின் சுவாசக் குழாயில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. அவளோ காதைக் கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அழ நேரமில்லை. வானைத் தள்ளவேண்டும். செவனம்மா சேலையைச் செருகிக்கொண்டு குதித்தாள். விறகுக் கட்டோடு சைக்கிளில் வந்த இரண்டு பேர் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கமலாசனி ஒரு கையால் பிள்ளையை நிமிர்த்தி அணைத்துக்கொண்டு, மறுகையால் தானும் கதவோடு சேர்த்துத் தள்ளினாள். "இன்னும்! இன்னும்!" வான் இருமியது, உறுமியது, ஓடியது. எல்லோரும் 'ஓ' என்று கத்தினார்கள், ஏதோ பந்தயத்தில் வென்றமாதிரி.

"இனிப் பறக்கட்டோ?" என்றார் சிற்றம்பலம்.

"வேண்டாம் அண்ணை! மெதுவா. முட்டை ஏத்திக்கொண்டு போறமாதிரிப் போங்கோ. குலுக்கினால் பருப்பு இடம் மாறும்; பெரிய குழாயை அடைச்சால் அவ்வளவுதான்."

சிற்றம்பலம் திரும்பி அவளை ஒருதரம் பார்த்தார். பறக்கிற மிஸ்ஸின் வாயிலிருந்து 'மெதுவா' வந்த முதல் நாள் அது. நேரம் ஒன்றரை. மூன்று மணிக்குப் பாதை மூடும். விரைந்தால் உயிர் வழியில் போய்விடும், ஊர்ந்தால் மூடின வாசலில் போய்விடும். அவள் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, அதன் மூச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

புளியங்குளத்துக்கு இப்பால் ஒரு பள்ளம். சிற்றம்பலம் பாவம், அதை விலத்தி மற்றதில் விழுத்தினார். வான் தூக்கிப் போட்டது. சுமன் ஒரு இருமல் இருமினான். பிறகு சத்தமே இல்லை. வாய் திறந்தபடி, கண்கள் பிதுங்கியபடி, உதடு நாவல் பழமாகியது.

"ஐயோ என் புள்ள!"

கமலாசனியின் கை தன்பாட்டில் றப்பர் பைக்குப் போனது. மூச்சு நின்ற பிள்ளைக்கு மூக்கையும் வாயையும் மூடி அந்தப் பையை அமுக்கிக் காற்றுக் கொடுப்பதுதான் வழக்கம். எத்தனை பிள்ளைகளை அதனால் மீட்டிருக்கிறாள்! முட்டு என்று இன்னும் நம்பியிருந்தால் இப்போதும் அமுக்கியிருப்பாள். அமுக்கிய காற்றே பருப்பை இறுக்கி அடைத்திருக்கும். பையை உதறினாள். பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்துத் தொடையில் போட்டு, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையின் அடியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே அறைந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. சின்ன முதுகு. அடிக்க மனம் கூசியது, இன்னும் பலமாக அடித்தாள். நான்கு.

"வாடா, வெளியிலை வாடா!" என்று அவள் கத்தியது பிள்ளையை அல்ல, பருப்பை.

ஐந்தாவது அடியில் சளியோடு ஏதோ தெறித்து வானின் தகட்டில் 'டிக்' என்று விழுந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு சுமன் வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தினானே! காட்டுக் குருவியெல்லாம் எழும்பியிருக்கும். செவனம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சிற்றம்பலம் ஹோர்னை விடாமல் அடித்தார். கமலாசனிக்குச் சந்தோஷம் தாங்கமுடியவில்லை; பிள்ளையின் பின்கழுத்தில் முகத்தை வைத்து விம்மினாள். அழுகிற பிள்ளையின் உதடு சிவந்துகொண்டு வந்தது. வலப்பக்க நெஞ்சும் மெல்ல ஏறி இறங்கியது.

தகட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். ஊறிப் பருத்த அரைப் பருப்பு. மற்றப் பாதி எங்கே? விழுங்கினானோ, உள்ளே இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

"அண்ணை, வவுனியாவுக்குத்தான். டொக்டர் பாக்கவேணும்."

"பறக்கட்டோ?"

"மெதுவாப் பறவுங்கோ!"

அழுகை அடங்கிப் பிள்ளை தாயின் மடிக்குப் போனபிறகு கமலாசனி சொன்னாள்: "செவனம்மா, நீங்கள் அண்டைக்குச் சரியாத்தான் சொன்னனீங்கள். நான்தான் காத்து எண்டு எழுதிப்போட்டன். பிழை என்ரை. உங்கடை பிள்ளை என்னாலை போகப் பாத்தது."

கோபிப்பாள் என்று காத்திருந்தாள். செவனம்மா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாங்க கடலைன்னு தான் மிஸ் சொல்லுவோம்" என்றாள் கடைசியில். "வந்த புதுசுல கடையில போயி வறுத்த கடலை கேட்டேன். கொண்டக்கடலையக் கொண்டாந்து காட்டிச் சிரிச்சாங்க. இங்க அதுக்குப் பேரு கச்சான், அதக்கூடத் தெரியாத தோட்டக்காட்டுச் சனம்னாங்க. அன்னைக்கு வரிசையில அவ்வளவு பேரு நின்னாங்க. நீங்களும் சிரிச்சிரப்படாதேன்னு, உங்க பேச்சுலயே கச்சான்னு சொன்னேன். அவங்க சொல்ற மாதிரியே, 'கச்சானாலை'ன்னு."

அந்தக் கடைவாசலில் நின்றிருந்தால் தானும் சிரித்திருப்பாள் என்பது கமலாசனிக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

தாண்டிக்குளத்தில் மூன்று மணிக்குச் சரியாக ஏழு நிமிடம் இருந்தது. கடைசி வாகனமாக உள்ளே விட்டார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையைக் கட்டிலில் இருத்தி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன நடந்தது மிஸ்? சுருக்கமாச் சொல்லுங்கோ."

கமலாசனி நூற்றுப் பதினேழு தரம் அதைச் சுருக்கமாகச் சொன்னவள். இந்தமுறை பின்னால் நகர்ந்து, செவனம்மாவைக் கட்டிலருகே விட்டாள்.

"அவா சொல்லுவா, டொக்டர். சுருக்காமல் கேளுங்கோ."

செவனம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு தரம் கமலாசனியைப் பார்த்தாள்.

"கடலைங்க ஐயா" என்று தொடங்கினாள், வார்டே கேட்கிற சத்தத்தில். "எங்க தோட்டத்துக் கடலை."