விட்டொழித்த மூன்று பழக்கங்கள்

எடைமேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி காலியானது. கை வைத்த நாற்காலி. கீழே சக்கரம் உண்டு, முதுகுக்குப் பஞ்சு உண்டு. லாரி வந்தால் ஓட்டுநரிடம் நாலு வார்த்தை கேட்டு, சீட்டில் எழுதி, உள்ளே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பது வருடமாகக் கிடங்கில் நின்றே காலம் தள்ளிய கொக்கிக்கு, அந்த நாற்காலியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதே முழங்கால் வலி பாதி குறைந்ததுபோல் இருந்தது.

கொக்கி என்பது அவர் வேலையை வைத்து வந்த பெயர். மேலே ஓடும் கிரேனின் கொக்கியைப் பெட்டிகளில் மாட்டி, கீழே நின்று சைகை காட்டி, அவற்றைப் பத்திரமாகத் தரையில் இறக்க வைப்பவர் அவர். உள்ளங்கையைக் கீழே அசைத்தால் இறக்கு. கையை நிமிர்த்தி நீட்டினால் நில். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டால் இறங்கியாச்சு, தரையில் பட்டாச்சு, இனி சங்கிலியைக் கழற்றலாம்.

நாற்காலிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. லாரிக்காரர்கள் பல ஊர்க்காரர்கள், பொதுவாக இங்கிலீஷில்தான் பேசுவார்கள். அதனால் வாய்மொழித் தேர்வு வைத்து, அதிக மதிப்பெண் வாங்குகிறவரை உட்கார வைப்போம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வேலை முடிந்த பிறகு கேன்டீனில் ஆறு வாரம் வகுப்பு. பதினேழு பேர் சேர்ந்தார்கள். ஆறாம் வாரத்தில் மிஞ்சியது மூன்று பேர். ஒருவர் கொக்கி. இன்னொருவர் கிடங்கில் எல்லோராலும் ரேடியோ என்று அழைக்கப்பட்ட காவலாளி. பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த யாராலும் முடியாது. மூன்றாவது ஆள் கிரேன் ஓட்டுகிறவர். கொக்கியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி, அதாவது மச்சான்.

மச்சானோடு கொக்கி பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, நாள் முழுக்க ஒரே சரக்கைத் தூக்கி இறக்குகிறார்கள், ஆனால் ஒரு சொல் கிடையாது. கைச்சைகை இருக்கிறபோது வாய் எதற்கு? வீட்டு விசேஷங்களில் மனைவி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் செய்தி மாற்றுவாள். சண்டைக்குக் காரணம் ஒரு காகிதம். அப்போது கொக்கிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சரக்குச் சீட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை காட்டிக்கொண்டிருந்தார். சீட்டு தலைகீழாக இருந்தது. மச்சான் அதைக் கிரேன் அறையிலிருந்து பார்த்துவிட்டு, கிடங்கே அதிரும்படி சிரித்தார். மறுவாரமே கொக்கி முதியோர் பள்ளியில் போய் உட்கார்ந்தார். எழுத்து வந்தது, பேச்சு போனது.

ஆறாம் வாரம் டீச்சர் தேர்வின் முக்கியப் பகுதியைச் சொன்னார். முன்பு வழக்கமாகச் செய்துவந்து, இப்போது செய்யாத மூன்று விஷயங்களைப் பேச வேண்டும். அதற்கு 'ஐ யூஸ்டு டு' என்று தொடங்க வேண்டும். ஒரே ஒரு நாள் செய்ததற்கு இது செல்லாது, பல நாள் செய்திருக்க வேண்டும். இன்றைக்கும் செய்துகொண்டிருந்தால் அதுவும் செல்லாது. இல்லை என்று சொல்வதற்கு 'டிடின்ட்' வந்தால், பின்னால் வரும் யூஸ்டுக்கு வால் அறுந்து யூஸ் ஆகிவிடும். கொக்கி வாலை அறுக்கும் விஷயத்தை நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டார்.

ரேடியோ உடனே எழுந்து, தான் முன்பெல்லாம் நிறையப் பேசியதாகவும் இப்போது விட்டுவிட்டதாகவும் கால் மணி நேரம் இங்கிலீஷில் சொன்னார். மச்சான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தது கொக்கி. அவர் எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பிரச்சினை இங்கிலீஷில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையில் எதையுமே விட்டதில்லை. எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. அதே வேலை, அதே வீடு, அதே டீ, அதே மூக்குப்பொடி.

டீச்சர் பொறுமையாக, சும்மா ஏதாவது சொல்லுங்கள், முன்பு கால்பந்து ஆடினேன் என்று சொல்லுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். கொக்கி தான் பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்றார். பரீட்சைக்குத்தானே என்றார் டீச்சர்.

"முடியாததை முடிஞ்சதுன்னு சொல்ல எனக்கு வராது டீச்சர்," என்றார் கொக்கி.

அது பிடிவாதம் இல்லை, தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு முந்தைய சைகைக்காரர், பெட்டி தரையில் படுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே கையைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு கால்விரல் போயிற்று. யாருடைய விரல் என்று கேட்பவர்களுக்குக் கொக்கி தன் இடது செருப்பைக் கழற்றிக் காட்டுவார். அதிலிருந்து, நடந்து முடியாத எதையும் முடிந்தது என்று அவர் சொன்னதில்லை. சோறு வெந்துவிட்டதா என்று மனைவி கேட்டால்கூட, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

எனவே ஒரே வழிதான் இருந்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் மூன்று பழக்கங்களை நிஜமாகவே விட்டாக வேண்டும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், தான் ஏதாவது பழக்கத்தை எப்போதாவது விட்டதுண்டா என்று கேட்டார். அவள் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க விட்டது மூச்சு ஒண்ணுதான்," என்றாள். "அதையும் உடனே திருப்பி இழுத்துக்கறீங்க."

காரணத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிய விதம் கொக்கிக்குப் பிடிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த காரியம் ஒரு இங்கிலீஷ் பரீட்சையால் நடக்கப்போகிறது. துணியை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்தாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது. டீயில் ஐந்து கரண்டி சர்க்கரை. மூக்குப்பொடி. செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்வது. பட்டியல் நோட்டின் மறுபக்கம் போனபோது கொக்கி, மூன்று போதும் என்று கையை நிமிர்த்தி நீட்டினார்.

மறுநாள் சர்க்கரை நின்றது. முதல் வாய் டீயைக் குடித்துவிட்டு அவர் டம்ளரை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ என்று. துண்டு கொடிக்குப் போனது. கொடியில் துண்டைப் பார்த்த மனைவி, வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

மூக்குப்பொடிதான் கவிழ்த்தது. காலையில் டப்பாவைத் தூக்கி எறிந்தார். மதியம்வரை தாக்குப்பிடித்தார். பிறகு மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்து, பொழுது சாய்வதற்குள் புது டப்பா வாங்கிவிட்டார்.

அந்த மூன்று வாரத்தில் இரண்டாம் வாரம் டீச்சரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். எத்தனை நாள் விட்டிருந்தால் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம்? டீச்சர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் இல்லை. ரேடியோ மூன்று நாள் போதும் என்றார். செத்துப்போனால்தான் தெரியும் என்றாள் மனைவி, வீட்டில். கொக்கி தனக்குத்தானே பதினைந்து நாள் என்று வைத்துக்கொண்டார். சர்க்கரைக்கும் துண்டுக்கும் கணக்குச் சரியாக வந்தது. மூன்றாவதுதான் கிடைக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, இன்னும் ஒன்று குறைகிறது என்று புலம்பினார். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, அதுவும் தயாராகத்தான் இருக்கிறது என்றாள்.

"எது?"

"என் தம்பிகிட்ட பேசாம இருக்கறது."

"அது பழக்கம் இல்ல. கொள்கை."

"பதினோரு வருஷமா தினமும் செய்யறீங்க. உங்க டீச்சர்கிட்டயே கேளுங்க, பழக்கமா கொள்கையான்னு."

கொக்கி டீயை எடுத்தார். சர்க்கரை இல்லாத டீ அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கசந்தது.

தேர்வு நடத்தத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சளி பிடித்திருந்தது. மேசையில் கைக்குட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆறு நிமிடம், இரண்டிரண்டு பேராக வரலாம், ஒருவர் கேட்கவேண்டும், ஒருவர் சொல்லவேண்டும் என்றார். ரேடியோவுக்கு டீச்சரே ஜோடி. ஆறு நிமிடத்தில் ரேடியோ தன் முதல் பழக்கத்தின் முன்னுரையைத்தான் முடித்திருந்தார். அதிகாரி மணியடித்து அவரை அனுப்பினார். பிறகு பட்டியலைப் பார்த்து, கிரேன்காரரும் கொக்கிக்காரரும் சேர்ந்து வாருங்கள், தினமும் ஒன்றாக வேலை செய்கிறவர்கள், உங்களுக்குப் பேசுவது சுலபம் என்றார்.

டீச்சர் அவசரமாக இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மச்சானை இத்தனை கிட்டத்தில் கொக்கி பார்த்து வெகுநாள் ஆகிறது. கீழேயிருந்து பார்க்கையில் தெரியாத நரை காதோரம் ஏறியிருந்தது. மச்சான் தொண்டையைச் செருமினார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் கொக்கியிடம் பேசிய முதல் வார்த்தைகள் இங்கிலீஷில் இருந்தன.

"வாட் டிட் யூ யூஸ் டு டூ?"

முன்பு என்ன செய்வீர்கள் என்கிறார். கொக்கி அவரைப் பார்க்காமல், அதிகாரியின் கைக்குட்டைகளைப் பார்த்து, முன்பு ஐந்து கரண்டி சர்க்கரை போட்டு டீ குடிப்பேன் என்று இங்கிலீஷில் சொன்னார். இப்போது இல்லை, இருபது நாளாக. அடுத்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவேன், இப்போது இல்லை. அதிகாரி தலையாட்டினார். மச்சான் கேள்வியே கேட்காமல், "ட்ரூ சார், மை சிஸ்டர் டோல்டு மீ," என்று சாட்சி சொன்னார்.

அதிகாரி மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவது?

வெளியே எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. கண்ணாடி அறையில் ஆள் இல்லாமல் ஹாரன் அடித்தது. கொக்கிக்கு முழங்கால் விண்ணென்று வலித்தது.

"ஐ டிடின்ட் யூஸ் டு டாக் டு மை பிரதர் இன் லா," என்றார். வால் சரியாக அறுந்திருந்தது.

மச்சான் நிமிர்ந்தார். அதிகாரி எழுதிக்கொண்டே, அப்படியானால் இப்போது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

இதற்கு ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் கொக்கியின் வாய்வரை வந்து நின்றது. அவர் அதிகாரியை நோக்கிக் கையை நிமிர்த்தி நீட்டினார். அதிகாரியின் பேனா நின்றது. பிறகு நாற்காலியை மச்சான் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இடுப்பு வலி எப்படிடா இருக்கு?"

மச்சான் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏணி ஏறும்போது மட்டும் வலிக்குது மாமா," என்றார். "இறங்கும்போது பரவால்ல."

"வெந்நீர் ஒத்தடம் குடு."

"குடுக்கறேன் மாமா."

கொக்கி அதிகாரியிடம் திரும்பி, இப்போது பேசுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி, தேர்வு அறையில் தாய்மொழியில் பேசக்கூடாது என்று சொல்லி இரண்டு மதிப்பெண் குறைத்தார். பிறகு தும்மினார்.

அடுத்து மச்சானின் முறை. கொக்கி கேள்வியைக் கேட்டார். மச்சான் ஒரு நோட்டுப் பக்கம் நிறைய மனப்பாடம் செய்துவைத்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார். மீன் பிடித்தது, சைக்கிளில் போனது, எல்லாம் இருந்ததாம். ஆனால் வந்தது வேறு. முன்பெல்லாம் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பேன் என்றார். ஒருநாள் இவர் ஒரு காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் சிரித்தேன் என்றார். ஒருநாள் நடந்ததற்கு 'யூஸ்டு டு' போடாமல் சரியாகத்தான் சொன்னார். பிறகு அதையே, எங்கே நின்று சிரித்தார், எவ்வளவு நேரம் சிரித்தார், அன்று சாயங்காலம் அக்கா என்ன திட்டினாள் என்று விளக்கிக்கொண்டே போனார். மணி அடித்துவிட்டது. மூன்று கேட்ட இடத்தில் ஒரு பழக்கம்தான் ஆயிற்று.

கொக்கி அறுபத்தொன்று, மச்சான் ஐம்பத்தைந்து, ரேடியோ அதற்கும் கீழே. நாற்காலி கொக்கிக்கு.

முதல் நாள் அவர் அதில் உட்கார்ந்து, சக்கரத்தை உருட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய் வந்தார். லாரிக்காரர்களிடம் பேர் கேட்டார், ஊர் கேட்டார், சீட்டில் எழுதினார். சீட்டு நேராக இருந்தது. இதைவிட சுகம் இந்த உலகத்தில் கிடையாது என்று நினைத்தார்.

பத்து மணிக்கு டீ இடைவேளை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது மாமா என்று ஆரம்பித்து, பேச்சு நின்றுபோன நாளுக்கு மறுநாள் காலை என்ன நடந்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. பத்தே கால் ஆனதும் எழுந்து போய், மதியம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கிடங்கில் நின்றபோது பிடிக்காத பேச்சு வந்தால் கொக்கி இரண்டடி நகர்ந்துவிடலாம். இங்கே முடியாது. வாசலை விட்டு நகரக்கூடாது என்று விதிமுறையில் போட்டிருக்கிறது. அவரே வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பதினோரு வருடக் கதையில் மச்சான் இப்போது நான்காவது வருடத்தில் இருக்கிறார்.