உச்சிக்கு ஏறிய மணல்

ஆயிரம் வயது தேவதாருக் காட்டைக் கடந்து யாகு தீவின் உச்சிக்கு வந்ததும், வழிகாட்டி கயோ கோயில் பாறைமேல் மூங்கில் குழாயைக் கவிழ்த்தாள். கடற்கரையில் அள்ளிய மணல் கொட்டியது. தூரத்துத் தீவில் எரிமலை புகைந்துகொண்டிருந்தது.

“மலைச்சாமிக்கு மணலா? பூ கிடைக்கலையாக்கா?” என்று சிரித்தான் டோக்கியோக்காரன் ஹிரோமு.

“கடலுக்குப் போனவங்க திரும்பி வரணும்னு குடுக்குறது. கும்பிட்டுட்டு வாங்க, இறக்கத்துல வழுக்கும்.” எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

“உங்க வீட்டுலயும் கடலுக்குப் போவாங்களா?”

“வீட்டுக்காரர் போனார், கோலா மீன் பிடிக்க. படகு மட்டும் வந்துச்சு.”

ஹிரோமுவின் சிரிப்பு நின்றது. “அப்புறமும் ஏன்க்கா சுமக்குறீங்க?”

கயோவுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. “கை தானா அள்ளிருச்சு.”

“கையில மணல் இன்னும் ஒட்டியிருக்கு. தட்டிவிடுங்க.”

“இருக்கட்டும். அவரு அந்தக் கடல்லதான் இருக்காரு.”