சுமாரான ஒரு ஆல்பம்

என் தங்கை போன பிறகுதான் அவள் வாசித்த மாதிரியான பாட்டுகளை நான் கேட்க ஆரம்பித்தேன். அவள் இருந்தபோது, "போதும்டி, காது வலிக்குது" என்று சொன்னதோடு சரி. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். வயோலா வாசிப்பாள். வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் சற்றுத் தாழ்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் வயலின் என்றுதான் சொல்வார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், "ஆமா, வயலின்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

ஸ்டூடியோக்களில் கூப்பிட்டால் போய் வாசிப்பதுதான் அவள் பிழைப்பு. பாடுகிறவர் அங்கே இருக்கமாட்டார். ஹெட்போனை மாட்டினால் டிக் டிக் என்று தாளம் மட்டும் கேட்குமாம். முன்னால் வைத்த தாளில் இருப்பதை வாசிக்க வந்த நான்கு பேரும் வாசித்துவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியது. யார் பாட்டு, எப்போது வெளிவரும், ஒன்றும் சொல்லமாட்டார்கள். அப்படி ஒரு பாட்டுக்காக அவள் எங்கள் அறையில் சாதகம் செய்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மெதுவாக ஏறும். முடியப்போகிறது என்று நாம் மூச்சு விடுகிற இடத்தில் நின்றுவிடும். மறுபடியும் கீழேயிருந்து ஏறும். எரிச்சலாக இருக்கும்.

"ஹார்ப்சிகார்டெல்லாம் வாடகைக்கு எடுத்திருக்காங்கக்கா. பாப் பாட்டுக்கு இவ்வளவு பந்தா" என்றாள் ஸ்டூடியோவிலிருந்து வந்து. பியானோ போலக் கட்டைகள் உள்ள பழங்கால வாத்தியமாம். எனக்குக் கிடைத்த துப்பு அது ஒன்றுதான். அதற்கப்புறம் வந்த ஒரு காய்ச்சலுக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் அம்மாவும் மட்டும் திரும்பி வந்தோம்.

இந்தக் காலத்தில் ஒருத்தி வாசித்தது எங்கேயும் பதிவாகாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும். என் போனில் அவள் மேடையில் இருக்கிற வீடியோ உண்டு. முன்வரிசை வயலின்கள் அதில் நன்றாகக் கேட்கும். பின்னால் அவள் கை அசையும், அவ்வளவுதான். ஆக, அவள் விரலிலிருந்து வந்த சத்தம் எங்கேயாவது இருக்கிறதென்றால், அந்தப் பெயர் தெரியாத பாட்டில்தான் இருக்கவேண்டும்.

அதைத் தேடுவதில் அவசரமும் இருந்தது. அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். அம்மாவின் காதையும் நானேதான் சோதிக்கிறேன். மற்றவர்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பலாம், சொந்த அம்மாவின் காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? கீச்சென்ற உச்சச் சத்தங்கள் முதலில் போகும். அம்மாவுக்குக் குருவிகள் போயின, குக்கர் விசில் போனது, பிறகு வயலின் போனது. வயோலா இருக்கிற நடுப்பகுதி மட்டும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் வரைபடத்தின் கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. காதுக் கருவி மாட்டினால் பேச்சு கேட்கும். ஆனால் பாட்டு தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவாள்.

"முழுசா அடைச்சுப்போறதுக்குள்ள அவ வாசிச்சத ஒரு தடவ கேட்டுடணும்டி" என்றாள் அம்மா. ஏதோ கடையில் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய ரெக்கார்டுக் கடை இருந்தது. கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் 'பொறுங்க'. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரு விரலைத் தூக்கி, "பொறுங்க, பொறுங்க, இப்ப வரும் பாருங்க" என்பார். வருவது பெரும்பாலும் ஒரு புல்லாங்குழலாக இருக்கும்.

ஹார்ப்சிகார்டு என்றதும் மனிதர் குஷியாகிவிட்டார். "அப்ப அது சேம்பர் பாப், இல்லன்னா பரோக் பாப்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சேம்பர் பாப்னா, நாலு பேரு உங்க வீட்டு ரூமுக்குள்ள முழங்கால் இடிக்க உக்காந்து வாசிக்கிறது. பரோக் பாப்னா, அதே நாலு பேரு விக் வச்சுக்கிட்டு மாளிகைல வாசிக்கிறது."

"வீட்டுல தொல்லைனு மாளிகைக்கு அனுப்பிட்டாங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இசை விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது.

என்னிடம் இருந்த மெட்டை அவருக்கு முணுமுணுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இந்த மெட்ட நான் எங்கயோ கேட்டிருக்கேன்" என்றார். அதை நம்பித்தான் கெட்டேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டு ஆல்பம் கொடுத்தனுப்புவார். நானும் கேட்டுவிட்டு, இல்லை என்று திருப்பிக் கொடுப்பேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் சத்தம் புகாத அறைக்குள் உட்கார்ந்து கேட்பேன். வெளியே வரிசையில் இருப்பவர்களின் இருமல்கூட உள்ளே வராது.

முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. சாதாரணக் காதல் பாட்டுக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் ஆல்பம் வந்தது. துணி துவைப்பதைப் பற்றியும் பஸ் தவறியதைப் பற்றியும்தான் பாடுகிறாள், ஆனால் பக்கத்தில் ஓபோ என்கிற ஒரு குழல் அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்துவிட்டேன். இன்னொன்றில் ஒரு ஆள் மன்னிப்புக் கேட்பவன்போல மெல்லப் பாடுவான். ஆல்பம் முழுக்க வராத ஃபிரெஞ்சு ஹார்ன் என்கிற ஊதுகொம்பு கடைசிப் பாட்டில் மட்டும் வந்து, அவனை மன்னித்துவிட்டுப் போகும். சுருதி சற்று விலகிய ஹார்ப்சிகார்டோடு ஓர் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டே பாடிய ஒன்றை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. 'பொறுங்க'வும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் சின்னவளிடம் சொல்லவேண்டும்போல இருக்கும். "ஏய், இந்த ஓபோவக் கேட்டியாடி?" என்று கேட்க வாய் வரும். அவள் இருந்திருந்தால், "இப்பதான் உனக்குக் காது வந்துச்சா?" என்று கேட்டிருப்பாள். கேட்டுத் தொலைத்திருக்கலாம். அந்த வசைக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நல்ல ஆல்பங்களாகச் சேர்ந்துகொண்டே போயின, எங்கள் பாட்டு மட்டும் வரவில்லை. கோடை போய் மழை வந்தது. அம்மாவின் கோடு இன்னும் சரிந்தது.

ஒரு நாள் காலையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த மெட்டைக் கொஞ்சம் சத்தமாகவே பாடிக்கொண்டிருந்தேன். கருவியை மாட்டியிருந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"தெரியலையா? சின்னவ வாசிச்சதும்மா. இந்தப் பாட்டத்தானே நாயா அலைஞ்சு தேடிக்கிட்டிருக்கேன்."

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அது பாட்டு இல்லடி. அவ என்னிக்குப் பாட்ட வாசிச்சிருக்கா? பாட்ட வேற யாராவது பாடுவாங்க. இவ நடுவுல நின்னு நிரப்புவா. அவளே சொல்லுவாளே, என் பங்கத் தனியாக் கேட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாதும்மான்னு."

கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை மாதமும் நானும் பொறுங்கவும் பாடுகிறவர்களின் வாயில் அந்த மெட்டைத் தேடியிருக்கிறோம். கூடப் பிறந்த எனக்கும் கடைக்காரருக்கும் தோன்றவே இல்லை, அவள் வாசித்தது பாட்டின் அடியில் ஓடுவது என்று. வீட்டிலும் அவள் அப்படித்தான் இருந்தாள். நானும் அம்மாவும் வாய் ஓயாமல் சண்டை போடுவோம், அவள் நடுவில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பொறுங்க தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கி மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"இத நான் உங்களுக்குக் குடுக்கவே இல்ல. பாடுறவன் சரியில்ல. வசதியான வீட்டுப் பையன், ஆசைக்கு ஒண்ணு போட்டான், யாரும் வாங்கல. ஆனா ஹார்ப்சிகார்டு இருக்கு. சுமார்தான்."

அங்கேயே போட்டுக் காட்டினார். சுமார் என்பது கருணை. அவன் குரல் மூக்கிலிருந்து வந்தது. வார்த்தைகள் வெறும் நிலா, ஜன்னல். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் பாடுகிறவனை மனதில் தள்ளி நிறுத்திவிட்டு, வயலின்களையும் விலக்கிவிட்டு, கீழே போய்க் கேட்டேன்.

ஏறியது. நின்றது. மறுபடியும் கீழேயிருந்து ஏறியது.

அது நிற்கிற இடத்தில் அந்தச் சுமாரான பையன் ஒரு வார்த்தையைப் பாடி முடித்தான். எங்கள் அறையில் எப்போதும் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்த இடம் அங்கே முடிந்தது. அந்த இடைவெளி அவனுக்காக விடப்பட்டது என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னவளுக்கும் தெரிந்திருக்காது. அவள் காதில் டிக் டிக் மட்டும்தான் கேட்டது. அவள் எவ்வளவு அழகான ஒன்றுக்குள் இருந்தாள் என்பதை அவள் கேட்கவே இல்லை. கடையில் நின்று விசித்து விசித்து அழுதேன். பொறுங்க விரலைத் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைகளை மறுபடி அடுக்கினார்.

மறுநாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் வழக்கமான சோதனை. சத்தம் புகாத அறைக்குள் அவளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அதை அழுத்தவேண்டும், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் என் கருவியில் சின்ன விளக்கு எரியும். நடுப்பகுதியிலும் கோடு இறங்கியிருந்தது. இன்னும் இருந்தது, ஆனால் அதிக நாள் இருக்காது. முடிவை அவளிடம் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டி, "உக்காரும்மா" என்று சைகை காட்டிவிட்டு, பாட்டைக் கருவியில் இணைத்து, சத்தத்தை அவள் காது தாங்குமளவுக்கு ஏற்றினேன்.

பட்டனை அவள் கையிலிருந்து வாங்க மறந்திருந்தேன். ஹார்ப்சிகார்டு தொடங்கியபோது அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயலின்கள் வந்தன, விளக்கு எரியவில்லை. பையன் பாடினான். அவன் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் எரியவில்லை. பிறகு வயோலா ஏறத் தொடங்கியது. விளக்கு எரிந்தது.

அது நின்றபோது அணைந்தது. மறுபடி ஏறியபோது எரிந்தது. நான் எதுவும் சொல்லித்தரவில்லை, எங்கே வரும் என்று சைகை காட்டவும் இல்லை. பட்டனைக் கொடுத்தால் எதற்கு அழுத்தவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. பாட்டு முழுக்கச் சின்னவள் வருகிற இடங்களிலெல்லாம் என் முன்னால் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

பாட்டு முடிந்தது. ஹெட்போனில் இப்போது ஒன்றுமில்லை என்று கருவியின் முள் காட்டியது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. விளக்கு எரிந்தது. சற்று அணைந்து, மறுபடியும் எரிந்தது.

சத்தமே இல்லாதபோது அழுத்துகிறவர்கள் உண்டு. கேட்கவேண்டும் என்ற ஆசையில் அழுத்துவார்கள். கண்ணாடியைத் தட்டி, "நல்லாக் கேட்டுட்டு அழுத்துங்க" என்று அவர்களுக்குச் சொல்வது என் வேலை. நான் தட்டவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.