சுருள்முடிக்கு வந்த ஆபத்து

கீமோ முடிந்து ஆறு மாதத்தில் சலூன்காரருக்குத் தலை நிறைய முடி முளைத்திருந்தது. முன்பு கோரைப்புல் போலிருந்தது இப்போது சுருள்சுருளாக வந்ததில், வாடிக்கையாளரை விட்டுவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்து மயங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கேனில், நுரையீரலில் ஒரு புள்ளி பளிச்சிட்டது.

பெரிய டாக்டர் வழுக்கை பளபளக்க, குட்டி டாக்டர்கள் புடைசூழ எழுந்தருளினார். படத்தைப் பார்த்தாரோ இல்லையோ, தீர்ப்பு வந்துவிட்டது.

"புற்று திரும்பிடுச்சு. திங்கட்கிழமையே கீமோ. இந்தத் தடவை இன்னும் கடுமையா."

சலூன்காரரின் கை தானாகத் தலைக்குப் போனது. "முடி போயிடுமா டாக்டர்?"

"உசிரு போற நேரத்துல முடி ஒரு கேடா உங்களுக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டே மனைவி பல்லைக் கடித்தாள்.

எப்படியாவது திங்கட்கிழமையைத் தள்ளிப்போட வேண்டும் அவருக்கு. "ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாத்துட்டு ஆரம்பிக்கலாமே?" என்றார். போன தடவை அதே ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தவர்.

"இருபது வருஷமா படம் பாக்குறேன். எனக்கு ஊசி வேற வேணுமா?"

"உங்களுக்கில்ல டாக்டர், எனக்குத்தான்."

குட்டி டாக்டர் ஒருத்தி சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள். பெரியவர், "குத்துங்க, குத்துங்க" என்று கையை உதறிவிட்டுப் போனார்.

இருமியவளே பரிசோதனை முடிவோடு வந்தாள். புற்று இல்லை, பூஞ்சை.

"ஸ்கேனுக்கு ஏத்துற சர்க்கரையைப் புற்றும் இழுக்கும், இதுவும் இழுக்கும். படத்துல ரெண்டும் ஒரே மாதிரி மின்னும். இந்தப் பூஞ்சை, கீமோவுல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களாப் பாத்துப் புடிச்சுக்கும். மறுபடி கீமோ ஏத்தியிருந்தா பூஞ்சைக்கு விருந்து வெச்ச மாதிரிதான். மாத்திரையில சரியாயிடும். பெரும்பாலும் புறா எச்சத்துலேர்ந்து வர்றது இது. புறா கிறா வளக்குறீங்களா?"

"கடைக்குப் பின்னாடி ஒரு பட்டாளமே இருக்கு," என்றாள் மனைவி. "தீனி போடுறதும் இவருதான், எச்சத்தைக் கூட்டி அள்ளுறதும் இவருதான்."

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்," என்றபடி உள்ளே வந்தார் பெரிய டாக்டர். "புறாவா? எந்த மடையன் இந்த யோசனையச் சொன்னது?"

'பறவைகளோட பழகுங்க, மனசு லேசாகும்' என்று கீமோ முடிந்த அன்று இதே அறையில் அரைமணி நேரம் சொற்பொழிவாற்றி அவர்களை வீட்டுக்கு அனுப்பியது யாரென்று இருவருக்கும் தெரியும். மனைவி வாயைத் திறந்தாள். சலூன்காரர் அவள் கையை அழுத்தினார்.

"யாரோ பெரிய மனுஷர் டாக்டர். தலையில ஒரு முடி கிடையாது."

பெரிய டாக்டரின் கை தானாக மேலே போனது.