மூன்று இரவுப் பதிவில் ஓர் இரவு

எங்கள் நாற்பத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் ஜானெல் ஒரு மலை ஹோட்டலில் மூன்று இரவுகள் பதிவு செய்து கொடுத்தாள். எங்கள் நாட்டில் ஜூலை நடுக்குளிர்காலம், பனிச்சறுக்கு உச்சத்தில் இருக்கும் நேரம். "அங்க போயி ஒரு கரண்டியக்கூடத் தொடாதம்மா, எல்லாம் அவங்களே செய்வாங்க" என்றாள். மலைமேல் அந்த ஹோட்டல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். சிறுவயதில் ஒவ்வொரு குளிர்காலமும் அவள் விழுந்து எழுந்த இடம் அது. பழைய இடத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். என் கணவன் நெவில் உறையைப் பிரித்து இரண்டு முறை படித்தான். "நல்ல பிள்ள" என்றான்.

எங்கள் ஊரான வாங்கரட்டாவிலிருந்து மலைக்கு இரண்டு மணி நேரம். அடிவாரத்தில் நிறுத்தி பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். எடுத்தது வீண். சாலை கடைசிவரை கறுப்பாகவே கிடந்தது. ஸ்னோ கம் என்னும் மலைத் தைலமரங்களின் அடியில் மட்டும் அழுக்குத் துணிபோலக் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது. சறுக்குச் சரிவில் இயந்திரம் வைத்து அடித்த செயற்கைப் பனி ஒரு தெரு அகலத்துக்கு வெள்ளையாக இறங்கியது, இரு பக்கமும் பழுப்புப் புல். அந்த ஒரு தெருவில்தான் மலைக்கு வந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சறுக்கினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு மணிக்கு. அறை நான்கு மணிக்குத்தான் தயாராகும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பியாங்கா என்ற பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். நான் கூடத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்தேன். அது படுக்கவும் முடியாத, நிமிரவும் முடியாத சோபா. நெவில் உட்காரவே இல்லை. அங்குமிங்கும் நடந்து, ஜன்னல் வழியாக மலையுச்சியைப் பார்த்துப் பார்த்து எதையோ அளந்தான். பிறகு ஒரு பெரிய உலோகச் சிற்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"இதுதான் நம்ம காலணி காயவச்ச ரூம்."

"அப்போ சமையலறை?"

"அதோ, அந்த நகைக்கடை."

அந்த இடத்தில் முன்பு எங்கள் கிளப் வீடு இருந்தது. எங்கள் வட்டாரத்துக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்திய பனிச்சறுக்குக் கிளப், தகரக் கூரை போட்ட நீளமான வீடு. நாங்கள் முதலில் போனது எழுபத்தொன்பதில். நெவில் பிளம்பர். அவனுடைய நண்பன் டெஸ் எலக்ட்ரீஷியன். அந்த வீட்டின் குழாய் ஒவ்வொன்றும் நெவில் போட்டது, ஒயர் ஒவ்வொன்றும் டெஸ் இழுத்தது. கோடையில் இருவரும் மலையேறிக் குளிர்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்குவார்கள். டெஸ்ஸும் அவன் மனைவி மொரீனும் பக்கத்து ஊரான மர்டில்ஃபோர்டில் இருந்தார்கள். வருடா வருடம் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில் போவோம். பிள்ளைகள் ஐந்து பேரும் அடுக்குக் கட்டிலில் எலிக்குஞ்சுகள்போலக் கிடப்பார்கள். வீடு முழுக்க ஈரக் காலுறை வாசம், விறகுப் புகை, வெங்காயம் வதங்கும் வாசம். சாயங்காலம் நீள மேசையில் இருபது இருபத்திரண்டு பேர். உருளைக்கிழங்குச் சட்டி கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளிடம் போகும்போது ஆறியிருக்கும். சாப்பிட்ட பிறகு சீட்டாட்டம். டெஸ் ஏமாற்றுவான், எல்லோருக்கும் தெரியும், பிடிக்க முடியாது.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் இனிப்பாகத்தான் வருகிறது. அந்த வெங்காயத்தை நறுக்கியது நான். கிளப்பில் சமையல் முறைப்பட்டியல் ஒன்று உண்டு, ஆண் பெயரும் பெண் பெயரும் சரிசமமாக எழுதிக் கதவில் ஒட்டியிருக்கும். ஆனால் வெளியே புதுப் பனி விழுந்து வானம் வெளுத்துவிட்டால் பட்டியலில் உள்ள ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். நானும் மொரீனும் ஜன்னல் வழியாக அவர்கள் உச்சிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருபது பேருக்கு சூப் கிளறுவோம். சிரித்துக்கொண்டேதான் கிளறினோம். அதுவும் உண்மை.

ஹோட்டலில் எங்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் குப்பைத் தொட்டிகளைப் பார்த்து இருந்தது. சுவரில் கணப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை. அதில் நெருப்பு எரிகிற படம் ஓடியது, சூடில்லை. குளியல் தொட்டி பெரிதாக, அழகாக இருந்தது. ஆசையாகக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. நெவில் கையை நீட்டிப் பார்த்தான், காதை வைத்துக் குழாயைக் கேட்டான், கீழே போய்விட்டான். எந்த வால்வு பழுதாகியிருக்கிறது என்று பியாங்காவிடம் விளக்கியிருக்கிறான். பாய்லர் அறையைத் திறந்துவிட்டால் தானே பத்து நிமிடத்தில் சரிசெய்து தருவதாகவும் சொல்லியிருக்கிறான். அவள் நன்றி சொல்லி, மதுக்கூடத்தில் இரண்டு பேருக்கு இலவச பானத்துக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

இரவு உணவு ஏழு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வாய். மூன்றாவது தட்டில் பச்சைப் பட்டாணி நுரை வந்தபோது நெவில் கரண்டியால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எனக்கு முன்னாடி யாரோ சாப்பிட்ட தட்டு போல இருக்கு" என்றான். நான் நிஜமாகவே சிரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து மேசையில் ஒரு கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேர் கையிலும் போன். நெவில் அவர்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பி, எந்த ஊர், நாளைக்கு எந்தச் சரிவில் போகப்போகிறீர்கள், காற்று மேற்கிலிருந்து அடித்தால் பின்பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். அந்த மனிதன் நிமிர்ந்து, நல்லவிதமாகச் சிரித்து, "சரிங்க, பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் நெவில் நாற்காலியை மெல்லத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது எழுபது ஆக இரண்டு மாதம் இருந்தது. அவனுக்கு வயதாகிவிட்டது என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது.

கிளப் வீட்டை விற்றது இரண்டாயிரத்து எட்டில். நிலத்தின் குத்தகை முடிகிற நேரம், தீயணைப்பு விதிகள் கடுமையாகிவிட்டன, ஒரு கம்பெனி வாங்கத் தயாராக இருந்தது. ஊர் மண்டபத்தில் ரகசிய வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர், சரிபாதியாக விழுந்தால் விற்கக் கூடாது என்பது விதி. விற்கக் கூடாது என்று டெஸ் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்திருந்தான். நம் பக்கம் சுலபமாக ஜெயிக்கும், கவலையே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னான். நெவிலுக்கும் எனக்கும் விற்கக் கூடாது என்றுதான் பேச்சு. சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. எப்படியும் விற்கப் போவதில்லை, என் ஒரு சீட்டால் எதுவும் மாறாது, ஆனால் என் பங்குக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடலாம் என்று "விற்கலாம்" என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

விற்கலாம் என்று இருபத்திரண்டு, கூடாது என்று இருபது.

மண்டபத்து வாசலில் டெஸ் நெவிலை நிறுத்தினான். "நான் எண்ணி வச்ச கணக்குல ரெண்டு ஓட்டு மாறியிருக்கு. உன் வீட்டுல எத்தன ஓட்டுடா? ரெண்டு." முப்பது வருட நண்பன் அப்படிக் கேட்டதே அவனுக்கு அடிபட்டதுபோல இருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு பதினோரு வருடம் நின்றது. நானும் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் பயம். பிறகு சொல்வதற்கான நாள் தாண்டிப்போய்விட்டது. அதோடு, மாறிய இன்னொரு ஓட்டு நெவிலுடையதாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம்.

ஹோட்டலில் மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. இருந்த கொஞ்சம் பனியும் கரைந்து ஓடியது. காற்று பலமாக இருந்ததால் சரிவில் ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலிகளை நிறுத்திவிட்டார்கள். சிற்றுண்டி மேசையில் நெவில் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கு மாத்திப் போட்ட ரெண்டு பேரும் இங்க வந்து மூணு நாள் தங்கணும். அதுதான் சரியான தண்டன" என்றான்.

"ஒருத்தி வந்துட்டா" என்றேன்.

அவன் மற்ற மேசைகளைத் திரும்பிப் பார்த்தான். "யாரு? எங்க?"

"நான்தான், நெவ்."

அவன் கத்தியைத் தட்டில் வைத்தான். "ஏன்?" என்று கேட்டான்.

"இருபத்தொம்பது வருஷம் வந்திருக்கேன். உன்கூட எத்தன தடவ உச்சிக்கு வந்திருக்கேன், சொல்லு."

அவன் யோசித்தான். உண்மையாகவே எண்ணிப் பார்த்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொல்லியிருந்தா நான் சமைச்சிருப்பேனே."

"நீ கேட்டிருக்கலாம்."

"டெஸ் என்னைப் பொய்யன்னு சொன்னான், ரோண்டா. நீ பக்கத்துலதான் நின்ன."

மாறிய இன்னொரு ஓட்டு உன்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் எழுந்து, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

இரண்டு மணி நேரம் கழித்து முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தான். ஹோட்டலுக்குப் பின்னால் புதருக்குள் கிளப் வீட்டின் பழைய தண்ணீர்த் தொட்டியின் காங்கிரீட் அடித்தளம் அப்படியே இருக்கிறதாம். அதன்மேல் உட்கார்ந்திருந்தானாம். "அத மட்டும் அவங்களால பேத்தெடுக்க முடியல" என்றான். பிறகு பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தான். "டெஸ்கிட்ட நீயே சொல்லு. என் வாயால வந்தா அவன் நம்ப மாட்டான்."

மீதி இரண்டு இரவுக்கான பணம் திரும்பக் கிடைக்காது என்று பியாங்கா வருத்தத்தோடு சொன்னாள். பாவம், அவள்மீது ஒரு தப்பும் இல்லை. மலையிறங்கி நேரே டெஸ் வீட்டுக்கு வண்டியை விட்டான் நெவில்.

மர்டில்ஃபோர்டில் மொரீன்தான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தாள், பின்னால் நின்ற நெவிலைப் பார்த்ததும் கையை எடுத்தாள். டெஸ் சமையலறை மேசையில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே, சுற்றிவளைக்காமல் சொன்னேன். அன்று மாறியதில் ஒரு ஓட்டு என்னுடையது, நெவிலுக்கு இன்று காலைவரை தெரியாது.

மொரீன் அடுப்பை அணைத்தாள். "இன்னொண்ணு என்னுது" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"எப்படியும் ஜெயிக்கப் போறோம்னு நீ ஊரெல்லாம் சொன்ன, டெஸ். என் ஒரு ஓட்டால என்ன ஆகிடப்போவுதுன்னு போட்டேன்."

நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்த அதே வார்த்தை. எங்களில் ஒருத்தி மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று, வீடு நின்றிருக்கும். இருபத்தொன்பது வருடம் ஒரே அடுப்பில் நின்றவர்கள், ஒருத்தி மனதில் இருந்ததை இன்னொருத்தியிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

டெஸ் மனைவியைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நெவில் பக்கம் திரும்பினான். "உன்னப் பத்தி ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்டா."

"தெரியும். என் காதுக்கும் வந்துச்சு."

"நீ வந்து ஒரு அறை விட்டிருக்கலாம்."

"யோசிச்சேன்" என்றான் நெவில்.

அன்றைக்கு அவ்வளவுதான். நான்கு பேரும் ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டோம், வானிலையைப் பற்றிப் பேசினோம். டெஸ் மொரீனோடு ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று அவள் பிறகு போனில் சொன்னாள். நெவில் என்னோடு பேசினான், ஆனால் சில நாள் காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பான், முதன்முதலாகப் பார்ப்பதுபோல. ஒரு நாள், அந்த உச்சியிலிருந்து சூரியன் இறங்குவது எப்படி இருக்கும் என்று அவனாகவே எனக்கு விவரமாகச் சொன்னான். நான் குறுக்கிடாமல் கேட்டேன். எனக்கும் அந்த வீடு வேண்டும்தான். ஈரக் காலுறை வாசம் சில நேரம் கனவில் வருகிறது. அந்தச் சீட்டு மறுபடி கைக்கு வந்தால் என்ன போடுவாய் என்று மொரீன் ஒருமுறை கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவளுக்கும் தெரியவில்லை.

செப்டம்பரில் நெவிலின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதே ஊர் மண்டபத்தில் விருந்து வைத்தோம். பழைய கிளப்காரர்களில் இருபது பேர் வந்திருந்தார்கள். டெஸ் வருவானா என்று கடைசிவரை தெரியாது. கேக் வெட்டிய பிறகு வந்தான், மொரீன் கையைப் பிடித்துக்கொண்டு. உட்காராமல் நேரே மண்டபத்து நடுவில் போய் நின்றான். தன்னுடைய அந்தப் பெரிய குரலில், பதினோரு வருடமாக நெவிலைப் பற்றித் தான் சொன்னது அத்தனையும் பொய், தன் முட்டாள்தனம், கேட்டவர்கள் எல்லோரும் அதை மறந்துவிட வேண்டும் என்றான். காரணம் எதுவும் சொல்லவில்லை, எங்கள் இருவர் பெயரையும் எடுக்கவில்லை.

நெவில் பக்கத்து நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். டெஸ் அங்கே வந்து உட்கார்ந்தான்.